படகின் உயரம்

டிசம்பரில் வாங்கினேன், அறுபது யூரோவுக்கு.
விற்றவர் சொல்லாத கீறல் ஒன்று பின்புறம்.
பாலக்காவல் அறையில்
ஹீட்டருக்கும் மழைக்கோட்டுக்கும் நடுவே
கிதாருக்கு ஓர் இடம் ஒதுக்கினேன்.

அன்றே படகுப் பதிவேட்டின் கடைசித் தாளில்
கொட்டை எழுத்தில் எழுதினேன்:
மே மாதத்துக்குள் இருபது பாட்டு.
தினமும் மூன்று மணி நேரம்.
கோடை விழாவில் மேடை.
அடிக்கோடு இரண்டு.

ஃப்ரீஸ்லாந்துக் குளிர்காலத்தில்
வாய்க்காலில் படகு குறைவு, நேரம் நிறைய.
அந்த நிறைய நேரம்தான் என்னை ஏமாற்றியது.

ஜனவரி முடிவதற்குள்
இடது மணிக்கட்டு முரண்டு பிடித்தது.
ஐம்பது டன் பாலத்தைத் தூக்க ஒரு பொத்தான் போதும்,
தூக்கினேன்.
ஜாம் புட்டியின் மூடியிடம் தோற்றேன்.
மருத்துவர் என் விரல்நுனிகளைத் திருப்பிப் பார்த்தார்,
சிவந்த பள்ளங்கள் நான்கு.
"யார் உங்களைத் துரத்துகிறார்கள்?" என்றார்.

பதில் தெரியும், சொல்லவில்லை.
அக்கா மகன் அனுப்பிய வீடியோவில் ஒரு பையன்,
பதினோரு வயது இருக்கும்,
கம்பிகள் மேல் அவன் விரல்கள் நனையாமல் ஓடின.
இரவுகளில் அதை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன்.
எனக்கு ஐம்பத்து மூன்று.
அவன் என்னைத் துரத்தவில்லை,
நான்தான் அவன் பின்னால் மூச்சிரைக்க.

பதினைந்து நாள் தொடவில்லை.
கோட்டைக் கழற்றாத விருந்தாளிபோல
மூலையிலேயே இருந்தது அது.

பதினாறாம் நாள் ரின்ஸேயின் மணல் படகு.
ஊதினான். விளக்கைச் சிவப்பாக்கினேன்.
தடுப்புக்கட்டை இறங்கியது,
சைக்கிள்காரர்கள் ஒற்றைக் கால் ஊன்றி நின்றார்கள்.
பாலத்தைப் பாதிதான் தூக்கினேன்.
பத்தொன்பது வருடமாக அப்படித்தான்:
படகு எவ்வளவு உயரமோ
பாலம் அவ்வளவு.
தாழ்ந்த படகுக்கு வானம் வரை திறந்து
ஊரை மழையில் நிறுத்தி வைப்பதில்லை.

படகு போனது. பாலம் இறங்கியது.
நான் மட்டும் பொத்தானில் விரலை வைத்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.

பதிவேட்டில் தாளைக் கிழிக்கக் கூடாது, விதி.
தவறை ஒற்றைக் கோட்டால் அடித்து
பக்கத்தில் கையொப்பமிட வேண்டும்.
இருபது பாட்டை அடித்தேன். கையொப்பம்.
மேடையை அடித்தேன். கையொப்பம்.
கீழே, இந்த முறை சின்ன எழுத்தில்:
ஜியிலிருந்து சிக்கு, விரலைப் பார்க்காமல்.
பத்து நிமிடம். வலித்தால் ஐந்து.
ஞாயிறு கிடையாது.

பிறகு படகுகளுக்குப் பக்கத்தில் குறிக்கத் தொடங்கினேன்.
பிப்ரவரி இருபது, மணல், தெற்கே.
ஜி-சி எட்டுத் தடவை, சுத்தமாக மூன்று.
பிப்ரவரி இருபத்திரண்டு, காலி, வடக்கே.
எட்டில் இரண்டு. கை குளிர்ந்திருந்தது.
மார்ச் நான்கு, பனிமூட்டம், படகில்லை.
ஏனென்று தெரியவில்லை, எட்டுக்கு எட்டு.
மேற்பார்வையாளர் டோவேவ் பதிவேட்டைப் புரட்டி
"ஜி-சி என்றால் என்ன சரக்கு?" என்று கேட்டார்.
எடை குறைந்தது, என்றேன்.

எஃப் என் பட்டியலில் இல்லை.
முயன்றால் தகரத்தில் சிக்கிய வண்டுபோல் கரகரக்கிறது.
வரும்போது வரட்டும்,
நான் கதவைப் பூட்டி வைக்கவில்லை.

மே வந்தது. கையில் ஒன்றரைப் பாட்டு.
அந்த அரைப் பாட்டைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது,
எங்கே நிற்கும் என்று எனக்கே தெரியாது.

உல்லாசப் படகுகளின் பருவம்.
தூண்டில் கழியில் மரக்காலணியைக் கட்டி
சுங்கக் காசுக்கு நீட்டினேன்.
ஒரு ஜெர்மன்காரர் இரண்டு யூரோ கூடுதலாகப் போட்டு
என் சன்னலைக் காட்டினார், சிரித்தார்.
நான் வாசித்ததற்கா, நிறுத்தியதற்கா, தெரியவில்லை.
சுங்கக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

மாலை ரின்ஸே, மணலோடு.
"ஷௌக்யே! இன்னும் அதே பாட்டா?"
அதேதான், என்று கத்தினேன்.
"அடுத்த வாரம்?"
பாலம் இறங்கும் சத்தத்தில்
நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்காது.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
அடுத்த படகுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்,
எனக்குப் பத்து போதும்.